எண்ணைச் சொல், குரலைத் தாழ்த்தாதே

1992 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. மணிக்கு 265 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி நகரத்துக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கமாகக் கரையைக் கடந்தது. தேசிய ஹரிக்கேன் மையத்தின் கூரைமேல் நின்ற ரேடாரையே காற்று பிய்த்து எறிந்தது. அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே, பாஸ்டன் நகரத்தில், ஒரு பெண் கணினியில் ஒரு கணக்கைப் போட்டு முடித்தார். புயல் கரை தொட்டுச் சில மணி நேரம்கூட ஆகவில்லை, காப்பீட்டு நிறுவனங்களுக்கு அவரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் போனது. காப்பீட்டு இழப்பு மட்டும் 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்றது அது.

அவர் பெயர் கேரன் கிளார்க். அந்த எண்ணைப் படித்தவர்களில் பலர் நம்பவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தென் கரோலைனாவைத் தாக்கிய ஹியூகோ புயலுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது ஏறத்தாழ 400 கோடி டாலர். அதுவரை எந்தப் புயலுக்கும் அவர்கள் அவ்வளவு கொடுத்ததில்லை. இப்போது, இடிந்த வீடு ஒன்றைக்கூட நேரில் பார்க்காத ஒருவர், அதைப் போல மூன்று மடங்கு ஒரே காலையில் போய்விட்டது என்கிறார். யார் ஏற்பார்கள்?

மாதங்கள் ஓடின. கோரிக்கைகள் வந்து குவிந்தன. 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்திருந்தன. சேதமான வீடுகள் இன்னும் ஒரு லட்சம். காப்பீட்டு இழப்பு சுமார் 1,550 கோடி டாலரில் வந்து நின்றது. பதினொரு காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. மிகை என்று ஒதுக்கப்பட்ட அந்த எண், உண்மையைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

தம்பி, தங்கையே, அந்த ஃபேக்ஸ் இயந்திரத்தின் முன் நீ நிற்பதாக நினைத்துக்கொள். கையில் ஒரு தாள். அதில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு எண். தப்பாகப் போனால் தொழில் போயிற்று, பெயர் போயிற்று. “இன்னும் இரண்டு நாள் பொறுப்போம், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்” என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சும். எண்ணைப் பாதியாகக் குறைத்துவிட்டால் யாருக்கும் உறுத்தாது. அப்படிக் குறைக்காமல் அனுப்பு பொத்தானை அழுத்திய அந்த விரலில் இருந்ததுதான் தன்னம்பிக்கை. கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு தடவை சொல்வதற்கு நான் அந்தப் பெயரைத் தரமாட்டேன்.

அந்த விரலுக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு உறுதி?

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளார்க் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். கடலோரத்தில் நிறுவனம் எவ்வளவு ஆபத்தைத் தலையில் சுமக்கிறது என்று பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. அந்தத் தொழிலில் அதற்கு ஒரே ஒரு வழக்கம் இருந்தது: கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் எவ்வளவு கொடுத்தோமோ அதன் சராசரியை எடு, கொஞ்சம் கூட்டு, அதுவே வருங்காலம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1965-இல் பெட்ஸி புயல் வந்துபோன பிறகு தென்கிழக்கு ஃபுளோரிடாவில் பெரும்புயல் ஏதும் வந்து மோதவில்லை. அந்த அமைதிக் காலத்தில் கடற்கரை காலியாகவா கிடந்தது? மயாமி அமைந்துள்ள டேட் மாவட்டத்தில் 1950-இல் 5 லட்சம் பேர் இருந்தார்கள். 1990 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பழைய புயலுக்குப் பழைய வீடுகள். புதிய புயல் வந்தால் அதன் வழியில் நான்கு மடங்கு மக்கள். பழைய ரசீதுகளில் இந்த உண்மை எங்கே இருக்கும்?

கிளார்க் ரசீதுகளை மூடி வைத்துவிட்டு வானிலைப் பதிவேடுகளைத் திறந்தார். நூறு ஆண்டுகளில் வந்த புயல்கள் எப்படிப் பிறந்தன, எந்தக் கோணத்தில் கரையேறின, மையத்தில் காற்றழுத்தம் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு வேகத்தில் நகர்ந்தன. அந்த இயல்புகளைக் கொண்டு, வந்திராத ஆனால் வரக்கூடிய ஆயிரக்கணக்கான புயல்களைக் கணினிக்குள் உண்டாக்கினார். ஒவ்வொன்றையும் இன்றைக்கு நிற்கும் வீடுகளின் மேல் ஓடவிட்டார். 1986-இல் அந்த முறையை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 1987-இல் பாஸ்டனில் சொந்தமாக ஏஐஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை வரை போய் விளக்கினார். பெரிதாகக் காதில் வாங்கியவர் இல்லை. ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின. ஐந்து ஆண்டுகள்! நம்மில் பலர் ஐந்து வாரத்தில் கடையைக் கட்டிவிடுகிறோம்.

இந்தக் கணக்கின் உள்ளே ஒரு தடவை இறங்கிப் பார். உன் துணிச்சலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவர் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். சேதமோ அந்த நான்கோடும் நிற்பதில்லை. ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். வெளியே மேலிருந்து உறிஞ்சும். கூரை போனால் மழை உள்ளே. மழை உள்ளே வந்தால் கட்டில், மெத்தை, மின்கம்பி, மாவுப்பலகைச் சுவர் எல்லாம் போயிற்று. மணிக்கு முப்பது கிலோமீட்டர் கூடினால் சில ஓடுகள் பறந்த வீடு முழு வீடும் பறந்த வீடாகிவிடும். ஆகவே மென்பொருளுக்குள் ஒவ்வொரு கட்டட வகைக்கும் ஒரு வளைகோடு இருக்கிறது: இந்த வேகத்தில் மர வீட்டுக்கு இத்தனை சதவீதம், கான்கிரீட் கல் வீட்டுக்கு இத்தனை, சக்கரம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்திய வீட்டுக்கு இத்தனை.

அந்த வளைகோட்டை வரைந்தவர்கள் இடிபாடுகளுக்குள் நடந்தவர்கள். ஆண்ட்ரூவுக்குப் பிறகு பொறியாளர்கள் பெயர்ந்து விழுந்த கூரைப் பலகைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பலகையைச் சட்டத்தோடு பிணைக்க அடித்த கம்பி ஊக்குகள் பல இடங்களில் சட்டத்தில் இறங்கவே இல்லை, பக்கத்து வெற்றிடத்தில் தொங்கின. மேலிருந்து பார்த்தால் ஒழுங்கான கூரை. ஒரு விரற்கடை தள்ளி இறங்கிய ஊக்கால் ஒரு குடும்பத்தின் வீடே போனது. இப்படிக் குனிந்து பார்த்தவர்கள் எழுதியவைதான் பின்னாளில், 2002-இல், ஃபுளோரிடா மாநிலம் முழுவதற்குமான கட்டட விதிகளாக நடைமுறைக்கு வந்தன.

அடுத்தது கடல். புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும்? அதற்கு ஸ்லாஷ் என்ற கணினி மாதிரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வளைகுடாவுக்கும் ஆற்றுமுகத்துக்கும் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை முன்கூட்டியே ஓடவிட்டு முடிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வெளியேற்ற மண்டலங்கள் அதிலிருந்துதான் வரையப்படுகின்றன. ஹர்ரெவாக் என்று இன்னொரு மென்பொருள். அமெரிக்க மாவட்டங்களின் பேரிடர் அதிகாரிகள் கையில் இருப்பது. ஹரிக்கேன் மையத்தின் முன்னறிவிப்பை வாங்கிக்கொண்டு, மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று உன் மாவட்டத்தை எப்போது தொடும் என்று காட்டும். மக்கள் சாலை வழியாக வெளியேறி முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது முன்பே தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழி. கிடைப்பதுதான் நீ முடிவெடுக்க வேண்டிய கடைசி நேரம். அதற்குப் பிறகு எடுக்கிற முடிவு, நடு ரோட்டில் காருக்குள் சிக்கிய மக்களைத்தான் காணும்.

மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா வெளியிடும் ஹேஸஸ் என்ற மென்பொருளும் இருக்கிறது. எத்தனை வீடு போகும், எத்தனை பேருக்குத் தங்க இடம் தேட வேண்டும், எத்தனை டன் இடிபாடு அள்ள வேண்டும் என்றுகூட அது கணக்குச் சொல்லும். புயல் இன்னும் கடலில் இருக்கும்போதே குப்பை லாரிகளுக்குச் சொல்லி வைக்கிறார்கள்! இடி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே நடந்து பார்த்துவிட்டு வருவது போன்ற வேலை இது. பயந்தவனால் ஆகாது. பயத்தை எண்ணாக எழுதிப் பார்க்கத் துணிந்தவனால்தான் ஆகும்.

சரி, துணிச்சல் என்று நாம் கொண்டாடும் எல்லாமே துணிச்சலா? டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவுக்குப் போவோம். 1891-இல் அங்கிருந்த அரசு வானிலை அதிகாரி ஐசக் கிளைன் உள்ளூர் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த நகரத்தைப் புயல் பெரிதாகச் சேதப்படுத்திவிடும் என்று அஞ்சுவது மடமை என்பது அதன் சாரம். எவ்வளவு தெம்பான குரல்! ஊரும் நம்பியது. கடல் சுவர் கட்ட வேண்டும் என்ற பேச்சு ஒதுங்கிப் போனது. ஊரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்கும் குறைவு. 1900 செப்டம்பர் 8 அன்று வந்த கடல் பதினைந்து அடிக்கு மேல். குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். எட்டாயிரம் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கிளைனின் மனைவியும் அந்த நீரில் போனார். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிரைக் குடித்த இயற்கைப் பேரிடர் இன்றுவரை இல்லை.

அந்த மனிதரை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. படித்தவர், உழைத்தவர், எல்லாவற்றையும் இழந்து நின்றவர். ஆனால் அளக்காமல் வந்த உறுதி எப்படி இருக்கும் என்பதற்கு அவர் கட்டுரையைவிட எனக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. “ஒன்றும் ஆகாது” என்பதை எந்த மேடையிலும் முழங்கலாம், கை தட்டுவார்கள். “ஆகும், இவ்வளவு ஆகும், இன்ன காரணத்தால் ஆகும்” என்று சொல்பவனுக்குக் கை தட்ட யாரும் வருவதில்லை. நீ இரண்டாமவனாக இரு.

அதே கால்வெஸ்டன் எழுந்த விதத்தையும் பார். பிழைத்தவர்கள் மூன்று பொறியாளர்களை அமர்த்தி, எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். பதினேழு அடி உயரத்தில் சுவர் எழுந்தது. சுவர் போதாது, ஊரையே உயர்த்த வேண்டும் என்று தெரிந்தபோது அதையும் செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை, ஒரு பெரிய தேவாலயம் உட்பட, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலைக் கொட்டி நிரப்பினார்கள். வீட்டுக்கு வீடு மரப்பலகைப் பாலம் போட்டு ஆண்டுக் கணக்கில் அதன்மேல் நடந்தார்கள். 1915-இல் அடுத்த பெரும்புயல் வந்தது. சுவர் நின்றது. நகரத்துக்குள் உயிரிழப்பு முன்னதோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறிதாக இருந்தது. இழவு வீட்டின் அழுகை அடங்குவதற்குள் அளவுகோலை எடுத்தார்களே, அந்த மக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இன்றைக்குக் கருவிகளுக்குக் குறைவில்லை. மூன்று நாளுக்கு முன் சொல்லும் புயல் தடத்தில் இருக்கும் பிழை, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இருந்தும் என்ன? 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை நோக்கி வந்தது. வரைபடத்தில் காட்டும் முன்னறிவிப்புக் கூம்பின் நடுக்கோடு வடக்கே டாம்பா பக்கம் இருந்தது. லீ மாவட்டம் கூம்பின் ஓரத்தில். ஆபத்தான அளவுக்குக் கடல் ஏறும் வாய்ப்பு அங்கேயும் இருக்கிறது என்று கணக்குகள் காட்டின. அண்டை மாவட்டங்கள் சில 26-ஆம் தேதியே மக்களை வெளியேறச் சொன்னபோது, லீ மாவட்டத்தின் உத்தரவு 27 காலையில்தான் வந்தது. 28-ஆம் தேதி புயல் அங்கேயே கரையேறியது. ஃபுளோரிடாவில் இறந்தவர்கள் 140-க்கும் மேல். ஏறத்தாழ பாதிப்பேர் அந்த ஒரு மாவட்டத்தில். புயல் நேரடியாகக் கொன்றவர்களில் பெரும்பாலோரை எடுத்துக்கொண்டது கடல்நீர்.

கூம்பு என்பது புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை தங்கும் எல்லை. மூன்றாவது தடவை வெளியே போகும். கூம்புக்குள் இருக்கும் ஊருக்கு எவ்வளவு சேதம், வெளியே இருக்கும் ஊருக்கு எவ்வளவு என்று அது சொல்வதே இல்லை. எண் கையில் இருந்தும், அது நடுக்கோட்டில் இல்லை என்பதற்காக உரக்கச் சொல்ல நா எழாமல் போகும் நேரங்கள் உண்டு. உனக்கும் வரும். அப்போது பதினைந்து சதவீதம் என்பதைப் “பெரும்பாலும் இல்லை” என்று மொழிபெயர்க்காதே. பதினைந்து சதவீதம் என்றே சொல்.

“தப்பாகிவிட்டால்?” என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. தப்பாகும். கட்டாயம் ஒரு நாள் ஆகும். 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது மாதிரிகள் முதலில் சொன்ன எண்கள் பலவும் உண்மைக்கு வெகு கீழே இருந்தன. காப்பீட்டு இழப்பு 4,000 கோடி டாலரைத் தாண்டியது. நியூ ஆர்லியன்ஸின் கரைச்சுவர்கள் உடைந்து நகரத்தின் எண்பது சதவீதம் நீரில் நிற்கும் என்பதைக் காற்றை வைத்துப் போட்ட கணக்கு பிடிக்கவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் அன்றைய சட்டப்படி கடலோரச் சூதாட்ட விடுதிகள் நீரில் மிதக்க வேண்டியிருந்தது. பிலாக்ஸி ஊரில் அந்த மாபெரும் மிதவைகளைக் கடல் தூக்கித் தரைமேல் எறிந்தது. அவற்றை எந்த வளைகோட்டில் வைப்பது? பேரிடருக்குப் பிறகு தச்சரின் கூலியும் பலகையின் விலையும் எகிறுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை ஆண்ட்ரூவே கற்றுக்கொடுத்திருந்தது. ஒவ்வொரு தவறும் மென்பொருளுக்குள் ஒரு புது வரியாகப் போய் உட்கார்ந்தது.

ஆண்ட்ரூவையே எடுத்துக்கொள். வந்தபோது அதை நான்காம் வகைப் புயல் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 2002-இல், விஞ்ஞானிகள் தரவுகளை மறுபடி பிரித்துப் பார்த்துவிட்டு, இல்லை, அது ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். தாங்கள் சொன்னதைத் தாங்களே பொதுவில் மாற்றினார்கள், தலை நிமிர்ந்து. கேரன் கிளார்க்கும் பிற்காலத்தில், தான் தொடங்கி வைத்த மாதிரிகள் தரும் ஒற்றை எண்ணையே வேதமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று அந்தத் தொழிலையே எச்சரித்தார். 1,300 கோடி என்று சொல்லத் துணிந்த அதே நெஞ்சுதான் இதையும் சொன்னது. இரண்டுக்கும் ஒரே தைரியம் வேண்டும் என்றே நான் நம்புகிறேன். இரண்டாவதற்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

எனக்கு இருபத்தைந்து வயதில் அந்தத் தைரியம் இல்லை. ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். பஞ்சு விலை போகிற போக்கில் கையிருப்புப் பணம் மூன்று மாதம்கூடத் தாங்காது என்று என் தாளில் தெளிவாக விழுந்தது. இரண்டு இரவு திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. மூன்றாம் நாள் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மேலாளர் அறை வாசல் வரை போனேன். “புதிதாக வந்த பையன், இவனுக்கென்ன தெரியும் என்பார்களோ” என்று ஒரு எண்ணம். திரும்பி வந்து தாளை மேசை இழுப்பறையில் போட்டேன். நான்காம் மாதம் சம்பளம் நின்றது. முந்நூறு குடும்பங்கள். முன்பே சொல்லியிருந்தால் ஆலை பிழைத்திருக்குமா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ள மூன்று மாதம் கிடைத்திருக்கும். அது நிச்சயம். அந்த இழுப்பறை இன்னும் என் கனவில் வருகிறது.

ஆகவே கேள். 1851 முதல் அட்லாண்டிக்கில் பதிவான புயல் ஒவ்வொன்றின் தடமும், ஆறு மணி நேரத்துக்கொரு தடவை அது எங்கே நின்றது, எவ்வளவு வேகம் என்பதோடு, ஹரிக்கேன் மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹேஸஸும் இலவசம். எண்பதுகளில் கிளார்க் வேலை செய்த கணினியைவிட உன் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி வலுவானது. புள்ளியியல் படிக்கிறாயா, கட்டடப் பொறியியலா, வெறும் ஆர்வம்தானா, எதுவாக இருந்தாலும் சரி, ஒரு புயலை இறக்கிக்கொள். அதன் தடத்தை இரண்டு விரல் வடக்கே நகர்த்து. ஆண்ட்ரூ வெறும் முப்பது கிலோமீட்டர் வடக்கே வந்திருந்தால் மயாமியின் நடுவே போயிருக்கும். எத்தனை வீடு, எத்தனை படுக்கை, எத்தனை டன்? போட்டுப் பார். முதல் கணக்கு கோணலாகத்தான் வரும். அதை அறிந்தவரிடம் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும், எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டு வா. திருத்து. மறுபடி ஓட்டு.

புயல் உன் துறை இல்லையென்றால் உன் துறையின் புயலை எடுத்துக்கொள். உன் கடையின் கடன், உன் பள்ளியில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள், நீ கட்டும் பாலத்தின் கம்பி, உன் வார்டில் மழைநீர் போக இல்லாத வழி. நீ ஏற்கெனவே கூட்டிப் பார்த்திருக்கிறாய். தாளை எங்கோ மடித்து வைத்திருக்கிறாய்.

எடு. ஒரு தடவை, கடைசியாக, சரிபார். எண்ணின் அடியில் உன் பெயரையும் இன்றைய தேதியையும் எழுது. மேலாளர் ஆறு மணி வரை அறையில்தான் இருப்பார்.